மீன்தொட்டிக்கான யூவி விளக்கு: பெட்டியில் இல்லாத தகவல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை கொளத்தூர் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் கடல்நீர்த் தொட்டிகளுக்கான 'யூவி ஸ்டெரிலைசர்' (புற ஊதாக் கதிரால் நீரைச் சுத்திகரிக்கும்) கருவிகள் விற்கப்படுகின்றன. விலை குறைந்த பலவற்றின் பெட்டியில் 'எல்லாக் கிருமிகளையும் அழிக்கும்' என்ற வாசகமும் வாட் அளவும் மட்டுமே இருக்கும். வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில், வாங்குபவருக்கு உண்மையில் தேவைப்படும் தகவல் இந்த இரண்டிலும் இல்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

மோட்டார் தள்ளும் நீர், குவார்ட்ஸ் உறைக்குள் எரியும் பாதரச விளக்கைச் சுற்றி ஓடும்போது, 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் அந்நீரில் உள்ள நுண்ணுயிர்களின் மரபணுவைச் சிதைத்து, அவை பெருக முடியாமல் செய்துவிடுகிறது. நீர் எவ்வளவு நேரம் கதிர்பட ஓடுகிறது என்பதை வைத்தே பலன் அமையும். பாக்டீரியாவுக்கும் மிதக்கும் பாசிக்கும் போதுமான கதிரளவு ஒட்டுண்ணிக்குப் போதாது. அதற்குப் பல மடங்கு வேண்டும். மணிக்கு எத்தனை லிட்டர் ஓடினால் எவ்வளவு கதிரளவு கிடைக்கும் என்ற விவரம் இல்லாதபோது, வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்குவதில் பொருளில்லை.

இந்தக் கருவியைப் பெரும்பாலோர் வாங்குவது வெண்புள்ளி நோய்க்குப் பயந்துதான். அந்நோய்க்கு எளிதில் ஆளாகும் 'பவுடர் புளூ டாங்' போன்ற மீன்களை வளர்ப்பவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அந்நோயைத் தரும் கிரிப்டோகாரியன் ஒட்டுண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மீனின் தோலுக்குள்ளும், பின்னர் கல்லிலும் மணலிலும் ஒட்டிய கூட்டுக்குள்ளும் கழிக்கிறது. அங்கெல்லாம் கதிர் எட்டாது. கூட்டிலிருந்து வெளிவந்து நீந்தும் குஞ்சுப் பருவம் மட்டுமே விளக்கு உள்ள குழாய்க்குள் சிக்க வாய்ப்புண்டு. அதுவும் பெரும்பாலும் இருட்டில்தான் வெளிவருகிறது. மீனோ அந்நேரத்தில் அதே கல்லிடுக்கில் உறங்கிக்கொண்டிருக்கும். விளக்கு பொருத்தப்படும் சம்ப் (தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டி) வரை பயணம் செய்யவேண்டிய அவசியம் அந்த ஒட்டுண்ணிக்கு இல்லை. மேலும், நன்கு கலக்கும் தொட்டியில், மொத்தக் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒருமுறை குழாய் வழியே ஓடி முடிந்த பின்னும் ஏறத்தாழ 37 சதவீத நீர் கதிரின் பக்கமே போயிருக்காது. எனவே இக்கருவி நோயின் வேகத்தைக் குறைக்க உதவலாம். நோயை ஒழித்துவிடும் என்று சொல்லி விற்பது தவறு. பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் தாமிர மருந்து இட முடியாது என்பதால், புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கேயே மருந்து கொடுப்பதுதான் சரியான வழி. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் விளக்கு விற்காது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இந்தக் கருவி உண்மையிலேயே பயன்படும் இடமும் உண்டு. பவளத்தின் மேல் குமிழிகளோடு பழுப்பு நிறச் சளி போலப் படரும் 'டைனோ' (டைனோஃபிளாஜெல்லேட் எனும் நுண்ணுயிர்) வகைகளில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்பது, இரவில் நீரில் மிதக்கத் தொடங்கும். அப்போது சம்ப்பிலிருந்து அல்லாமல் தொட்டியிலிருந்தே நேராக நீரை எடுத்து விளக்கின் வழியே செலுத்தினால், சில நாட்களிலேயே பலன் தெரியும். ஆம்ஃபிடினியம் என்ற இன்னொரு வகை மணலை விட்டு எழுவதில்லை. அதற்கு இந்த விளக்கு வீண். நுண்ணோக்கியில் பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். நல்ல பாக்டீரியாவும் அழிந்துவிடுமே என்ற அச்சம் தேவையில்லை. அம்மோனியாவைச் சிதைப்பவை கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. புட்டியில் வாங்கிய பாக்டீரியாவையோ பவளத்துக்கான மிதவைப்பாசியையோ ஊற்றும்போது மட்டும் விளக்கை அணைத்துவைத்தால் போதும்.

விளக்கு நீலமாக எரிவதை வைத்து அது வேலை செய்கிறது என்று நம்பவும் கூடாது. ஏறக்குறைய ஓராண்டு தொடர்ந்து எரிந்தபின் ஒளி இருக்கும். கிருமியைக் கொல்லும் கதிர் மங்கியிருக்கும். குவார்ட்ஸ் உறையின் மேல் படியும் வெண்மையான சுண்ணாம்புப் படலமும் கதிரைத் தடுக்கும். வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் அது போய்விடும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, உறைக்குள் முழுதும் மூடப்படாமல், சம்ப்பில் அப்படியே போட்டு எரிக்கும்படி விற்கப்படும் மலிவு விளக்குகள். இந்தக் கதிர் கண்ணின் கருவிழியைச் சுடக்கூடியது. வெல்டிங் ஒளியைப் பார்த்தவர்களுக்கு நேர்வதுபோல, வலி சில மணி நேரம் கழித்தே தொடங்கும் என்பதால், காரணம் விளக்குதான் என்று பலருக்குத் தோன்றாது. சம்ப் பெட்டியின் கதவைத் திறந்து குனிந்து பார்ப்பது வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். இத்தகைய விளக்குகளை விற்பதை வணிகர்கள் தாமாகவே நிறுத்த வேண்டும். மற்றவற்றின் பெட்டியில் நீரோட்ட வேகம், கதிரளவு, விளக்கு மாற்றவேண்டிய காலம் ஆகிய மூன்றையும் தமிழிலும் அச்சிட வேண்டும். பழைய விளக்கில் பாதரசம் இருப்பதால், அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல், 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி சேர்ப்பிக்க விற்ற கடையே திரும்பப் பெற்றுக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்க்கும் வாசகர் ஒருவர்,
சென்னை.