பிள்ளை மேல் சத்தியம் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் சத்தியம் செய்வதற்கும் கெட்ட வார்த்தை பேசுவதற்கும் ‘ஸ்வேர்’ என்று ஒரே சொல்தான், தமிழில் அந்தக் குழப்பமே இல்லை என்று போன இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சொல் வேறு வேறுதான், சரி. ஆனால் எங்கள் வீட்டில் ஒருநாள் இரண்டும் ஒரே வாயிலிருந்து ஐந்து நிமிட இடைவெளியில் வந்ததைப் பார்த்தவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. பாட்டியின் ஒற்றைத் தோடு காணாமல் போனது. சந்தேகம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா மேல்தான், வேறு யார் மேல் வரும்? பெரியப்பா முற்றத்தில் வெற்றிலை மேல் சூடத்தை ஏற்றி வைத்து, “எடுக்கலைன்னா உன் பிள்ளை மேல சத்தியம் பண்ணி அணை” என்றார். அந்த அக்கா இடுப்பில் இருந்த குழந்தையைக் கீழே இறக்கவேயில்லை. “எம் பிள்ள மேல மாட்டேன் அண்ணாச்சி, வேணும்னா எங் கண்ணு அவிஞ்சு போகட்டும்னு சொல்லுதேன்” என்றார். அவ்வளவுதான், அதுவே திருட்டுக்குச் சாட்சியாகிவிட்டது. அந்த அக்காவைப் பெற்ற தாயை இழுத்துப் பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நான்கு நாள் கழித்துத் தோடு அரிசிப் பானைக்குள் கிடந்தது. அதை அந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்ல யாருக்கும் கால் எழவில்லை.

சத்தியம் என்பதே தனக்குத் தானே விட்டுக்கொள்ளும் சாபம்தானே. புறநானூற்றின் 72ஆம் பாட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறும்போது, பகைவரை வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். எல்லாம் தன் தலை மேல்தான். அந்த அக்கா கொடுத்ததும் தன் கண்ணைத்தான். கோர்ட்டில்கூட, 1969ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, கடவுள் பேரில் சத்தியம் செய்ய விருப்பமில்லாத சாட்சி உறுதிமொழி சொன்னால் போதும், அதற்காக அவரைப் பொய்யர் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

நாமோ சத்தியம் வாங்கும்போதும் அம்மாவை, பிள்ளையை இழுக்கிறோம், திட்டும்போதும் அம்மாவை, அக்காவை இழுக்கிறோம். யாரைத் தொட்டால் எதிராளிக்கு அதிகம் வலிக்கும் என்று பார்த்துத்தான் இரண்டையும் செய்கிறோம், எனக்கு இது பொறுக்கவில்லை.

நேற்று என் மகள், “அம்மா மேல சத்தியமா உன் பர்ஸை நான் தொடலை” என்று ஓடி வந்தாள். “சத்தியம் வேண்டாம்மா, தொடலைன்னு மட்டும் சொல்லு, நம்புறேன்” என்றேன். சொன்னாள்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி