கோடித் துணிக்கு நூல் கொடுத்தவர்களுக்கு

அப்பாவை மண்ணில் வைத்து மூன்று மாதம் ஆகிறது. குழிமேல் குவித்திருந்த மேடு முக்கால்வாசி இறங்கிவிட்டது. முதல் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்துப் பதறிப்போனேன். குழி வெட்டிய அண்ணனுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "பெட்டி இல்லாம வெச்சா அப்படித்தாம்மா இறங்கும். இறங்கலைன்னாதான் யோசிக்கணும்" என்றார். பயந்த பயத்தில் அவருக்கு நன்றி சொல்லக்கூட மறந்து போனை வைத்துவிட்டேன். அவருக்கு நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், ஒவ்வொரு ஆளாக நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறீர்கள். எனவே எல்லாருக்குமாக இந்த மடல்.

யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் "என் பேரைப் போடாதே" என்றீர்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் சொல்லாத பேர் யார் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும்.

அப்பா 45 வருஷம் தையல்காரர். இனி வைத்தியம் இல்லை என்று தெரிந்த வாரம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஆர்டர் கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். "பெட்டி வேணாம். மருந்து ஏத்திப் பதப்படுத்துறது வேணாம். மேலே பாலியஸ்டர் ஒரு இழைகூட இருக்கக் கூடாது, நான் மக்கினப்புறமும் அது கிடக்கும். காடாத் துணியில சுத்திப் புதைங்க. தையல் ஒழுங்கா இருக்கணும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். என் தையலைப் பற்றி அவருக்கு எப்போதும் ஒரு அபிப்பிராயம் உண்டு.

முதல் நன்றி தறிக்கார மாமாவுக்கு. வெளுக்காத, சாயம் ஏற்றாத காடா பத்து மீட்டர், எதற்கென்று சொன்ன பிறகும் முகம் மாறாமல் அளந்து கொடுத்தீர்கள். "பழுப்பாத்தான் இருக்கும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டீர்கள். துணி 48 அங்குல அகலம் என்பதால் இரண்டு அகலத்தைச் சேர்த்தால்தான் ஒரு ஆளைச் சுற்ற வரும் என்று பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டியதும் நீங்கள்தான். ஒன்பது அடி நீளத்தில் இரண்டு பீஸ், நடுவில் ஒரு இணைப்பு, மீதியில் தூக்குவதற்கான பட்டைகள். அந்தக் காகிதம் இன்னும் என் தையல் பெட்டியில் இருக்கிறது.

நடு இணைப்பை நான்தான் மெஷினில் அடித்தேன். இரட்டைத் தையல், பிசிறு உள்ளே போகும்படி மடித்து, நானே மெச்சிக்கொள்கிற அளவுக்கு நேராக. கொண்டுபோய் அப்பாவின் மடியில் போட்டேன். அவருக்கு அப்போது பார்வை அநேகமாகப் போயிருந்தது. தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தி, ஒரு நூல் முனையை இழுத்து இரண்டு நகங்களுக்கு நடுவில் வைத்து உருவினார். "இது வழுக்குது. நூல்கண்டைக் கொண்டா, தீப்பெட்டியும் கொண்டா" என்றார்.

பருத்தி நூல் எரிந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். என் நூல் சுருண்டது, உருகியது, கருப்பாக ஒரு கடுகு போல முனையில் உறைந்து நின்றது. தொட்டால் கல். துணியெல்லாம் சுத்தப் பருத்தியாக வாங்கிவிட்டு, பாலியஸ்டர் நூலால் தைத்து வைத்திருக்கிறேன். இப்போது கடையில் சாதாரணமாகக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற நூல் பெரும்பாலும் அதுதான் என்பது தையல்காரர் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா ஒன்றும் திட்டவில்லை. "பிரி" என்றார்.

அந்த இரண்டு ராத்திரி வந்து உட்கார்ந்து ஒன்பது அடித் தையலைப் பிரித்த தங்கைகளே, சித்தி மகள்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரட்டைத் தையல் என்பதால் பதினெட்டு அடி. துணி கிழியாமல் பிரித்தீர்கள். இழை ஒன்று விடாமல் பொறுக்கினீர்கள்.

பருத்தி நூல் கிடைத்தது, ஆனால் பலம் போதவில்லை. அதற்குத் தேன்மெழுகு பூசச் சொன்னது அப்பா. மெழுகு கொடுத்தது தேனீ வளர்க்கும் தம்பி. நூலை மெழுகின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் சிக்காது, சீக்கிரம் அறாது. மண்ணுக்கும் மெழுகால் கெடுதல் இல்லை. கை முழுக்க ஒரு மாதம் அந்த வாசனைதான். தம்பி, மெழுகு இன்னும் பாதி இருக்கிறது. திருப்பித் தர மனசு வரவில்லை, மன்னித்துக்கொள்.

எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கு. கஃபன், அதாவது முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றுகிற துணி, அந்த விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்த அளவு எங்களில் யாருக்கும் தெரியாது. ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து, கட்டுகிற நாடாவும் அதே துணியிலிருந்து கிழித்ததுதான், குழிக்குள் வைத்த பிறகு முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும் என்று நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அப்பா உள்ளேயிருந்து, "அப்போ தையல்காரனுக்கு வேலையே இல்லையா?" என்று குரல் கொடுத்தார். "இல்லண்ணே, அங்கே போறதுக்கு அளவு எடுக்கத் தேவையில்ல" என்றீர்கள். தலைமாட்டில், இடுப்பில், கால்மாட்டில் கட்டிய நாடாக்கள் உங்கள் யோசனைதான்.

வெளிநாட்டிலிருந்து வாரம் தவறாமல் பேசிய தோழிக்கு. யூதர்கள் இறந்தவருக்குக் கையால் தைக்கிற வெள்ளை உடையில் பை வைக்க மாட்டார்கள், நூலில் முடிச்சும் போட மாட்டார்கள் என்று நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். முடிச்சு விஷயம் அவரை ஒரு நாள் முழுக்க ஆட்டிப்படைத்தது. கடைசியில் ஊசியைத் தடவி வாங்கி, தொடக்கத்தில் மூன்று பின்தையல் போட்டு இழுத்துப் பார்த்து, "நிக்குது பார், முடிச்சு சோம்பேறிக்கு" என்றார். அதன்பிறகு நாங்களும் முடிச்சுப் போடவில்லை. பழைய காலத்து யூத மத ஆசிரியர் கமாலியேலின் கதையும் நீ சொன்னதுதான். அந்தக் காலத்தில் சாவுச் செலவு தாங்க முடியாமல் சொந்தக்காரர்களே பிணத்தைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். ரபன் கமாலியேல் தன்னைச் சாதாரண லினன் துணியில் கொண்டுபோகச் சொன்ன பிறகுதான் ஊரும் அதைப் பின்பற்றியதாம். அதை அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

அவருக்கு ராத்திரி படித்துக் காட்டிய பேரனுக்கு. கல்லூரிப் பாடத்தைவிட இதை அக்கறையாகப் படித்தாய் என்று உன் அம்மாவுக்குக் குறை, இருக்கட்டும். இங்கிலாந்தில் இறந்தவர்களைக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும், மீறினால் 5 பவுண்டு அபராதம் என்று சட்டமே போட்டிருந்தார்கள், 1666-இல் தொடங்கிப் பிறகு இன்னும் இறுக்கி, 1814-இல்தான் நீக்கினார்கள், எல்லாம் உள்நாட்டுக் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற என்று நீ படித்தபோது அப்பா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "சாவுலயும் ஜவுளிக்காரன் விடலையாடா!" தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பரில் காலமானபோது மிக எளிய பெட்டி போதும் என்று சொல்லிவைத்திருந்ததும், அவர் உடலை எரிக்காமல் காரம் (ஆல்கலி) கலந்த வெந்நீரில் கரைத்ததும் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. "பெரிய மனுஷன்" என்றார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2019-இல் உடலை மரச்சில்லும் வைக்கோலும் சேர்த்து உரமாக்க அனுமதித்த கதைக்கு மட்டும் மசியவில்லை. "மண்ணு அதைத்தான சும்மாவே செய்யுது? அதுக்கு ஏன் கரண்ட்டு?"

இனி சுமை தூக்கும் அண்ணன். உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன்தான் பெரியது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைப்பிடிகளைத் துணியின் ஓரத்தில் தைத்து முடித்துவிட்டு, சோதித்துப் பார்க்க மச்சானைப் படுக்கவைத்துத் தூக்கினோம். (அபசகுனம் என்று திட்டிய அத்தைக்கும் நன்றி, திட்டிக்கொண்டே பாய் விரித்தது நீங்கள்தான்.) ஒரு முழம் எழும்பியதும் இடப்பக்க நடுப்பிடி தையலோடு பிய்ந்தது. மச்சான் பாயில் விழுந்தார். அப்பா சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் நீங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தீர்கள். "பாரத்தைத் தையல்ல நிறுத்தாதீங்கம்மா, துணியில நிறுத்துங்க" என்றீர்கள்.

அந்த ஒரு வரியில் எல்லாம் மாறியது. கைப்பிடிகளைப் பிரித்து எறிந்துவிட்டு, நாலாக மடித்த மூன்று நீளப் பட்டைகளை, இந்தக் கை முதல் அந்தக் கை வரை ஒரே துண்டாக, உடம்புக்கு அடியில் ஓடும்படி வைத்தோம். தையல் பட்டையை இடத்தில் பிடித்துவைத்தால் போதும். தோள்பட்டைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. இடுப்புப் பட்டைக்குத்தான் பாரம் அதிகம் வரும் என்று அதை மட்டும் இரண்டு மடங்கு அகலமாக்கச் சொன்னீர்கள். உள்ளே முதுகுக்கு ஒரு பலகையும் வேண்டும் என்றீர்கள். அடுத்த முறை 65 கிலோ மணல் மூட்டை வைத்துத் தூக்கினோம். இரண்டு மூட்டையாகக் கட்டித் தலையும் காலும் போல வைத்தீர்கள். அசையவில்லை.

கடைசியில் அப்பா 41 கிலோதான் இருந்தார்.

அவர் போன ராத்திரியைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, மருந்து ஏற்றாமல் வைக்கவே கூடாது, நோய் பரவும் என்று அடித்துச் சொன்னார். பெயர் வேண்டாம், அவரும் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லியிருப்பார். எனக்குக் கை நடுங்கியது. டாக்டரம்மா, பன்னிரண்டு மணிக்கு நீங்கள் போனை எடுத்திருக்காவிட்டால் சரி என்று சொல்லியிருப்பேன். மறுநாளே புதைக்கப்போகிற, தொற்று எதுவும் இல்லாத உடம்புக்குக் குளிர்ச்சி போதும் என்றீர்கள். வயிற்றின்மேல், முதுகுக்கடியில், துண்டில் சுற்றிய ஐஸ், உருக உருக மாற்ற வேண்டும். அந்த மருந்தில் இருக்கிற ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது, இறந்தவருக்கு என்ன, அதை நாள் முழுக்க மூச்சில் இழுக்கிற தொழிலாளிக்குத்தான் ஆபத்து என்று நீங்கள் சொன்னதும், அந்த ஆளின்மேல் இருந்த கோபம்கூட எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

விடிய விடிய ஐஸ் மாற்றிய தம்பிகள், உடம்பை ஒருக்களித்துப் புரட்டி அடியில் துணியைச் செருகக் கற்றுக்கொடுத்த நர்ஸ் அக்கா, அனுமதித் தாளை ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்த அலுவலக நண்பர், எல்லாருக்கும்.

சுற்றப்போகிற நேரத்தில் ஒரு குண்டூசி குறைந்தது. இருபத்து நாலு குத்தியிருந்தோம், இருபத்து மூன்றுதான் டப்பாவில். காதற்ற ஊசிகூடக் கடைசி வழிக்கு வராது என்பார்கள், எங்கள் வீட்டில் காதுள்ளதும் இல்லாததும் கிளம்பப் பார்த்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் தரையில் முட்டி போட்டுத் துழாவினோம். மெக்கானிக் அண்ணன் ஓடிப்போய்க் காந்தம் கொண்டுவந்து துணிமேல் அங்குலம் அங்குலமாக ஓட்டினார். தலைமாட்டு மடிப்புக்குள் 'டிக்' என்று ஒட்டியது. அந்தச் சத்தத்துக்கு அம்மா அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

குழி வெட்டிய அண்ணனே, ஆறடி கேட்டவர்களிடம் நீங்கள் வாதாடியதை மறக்க மாட்டேன். மூன்றரை அடியில்தான் மண்ணுக்கு உயிர் இருக்கு, கீழே போகப் போகக் காத்தும் இல்ல புழுவும் இல்ல, எல்லாம் மெதுவாத்தான் நடக்கும் என்று மண்வெட்டியாலேயே அடுக்கடுக்காகக் காட்டினீர்கள். நாய் நரி தோண்டும் என்று பயந்தவருக்கு, உடம்புக்கு மேலே ஒன்றரை அடிக்குக் குறையாமல் மண் இருந்தால் வாசனை வெளியே வராது என்றீர்கள். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கிவைத்துக் கடைசியில் அதையே மேலே போட்டீர்கள். பட்டைகளை நீங்கள் நாலு பேரும் எங்களோடு பிடித்து இறக்கியபோது இடுப்புப் பட்டை என் கையில் இருந்தது. அது இழுபட்டு நின்ற விதத்தில் அப்பா ஒன்றும் குறை சொல்லியிருக்க முடியாது.

பாக்கி விஷயங்கள்: காந்தம் அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மணல் கொட்டின சாக்குகள் எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். காடா ஒன்றரை மீட்டர் மீதம் இருக்கிறது. துணியின் அளவுத்தாளைக் கேட்ட ஐந்து பேருக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நூல் மட்டும் தீயில் காட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அன்றைக்கு யாரோ ஒரு இரும்புக் கத்தரிக்கோலை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருக்கிறீர்கள், பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. நல்ல பதமாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் திருப்பிக் கொடுக்க விட்டிருக்க மாட்டார். சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
தையல்காரரின் மூத்த மகள்