ஸ்டெல்லாவுக்கு, காணாமல் போன ‘த்ஸ்’ பற்றி

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் துபாயிலிருந்து வந்துவிட்டுப் போனான். சின்னவள் வேலை மாறிவிட்டாள். மாமியாருக்கு அதே முட்டிவலி, அதே தைலம். செய்தி இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஒரே விஷயம், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

ஈஸ்டருக்கு நீ மூன்று தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. அதற்கு முந்தைய தடவை எடுத்தேன். நீ ஜோசப் அண்ணனைப் பற்றி ஏதோ சொன்னாய், நான் சிரித்தேன். நீ பட்டென்று போனை வைத்துவிட்டாய். அண்ணனுக்கு ஆபரேஷன் என்று நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை ஸ்டெல்லா. உன் குரல் ஏறுவதும் இறங்குவதும் மட்டும்தான் கேட்டது. வழக்கம்போல அண்ணனை ஓட்டுகிறாய் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அமலி வந்து விஷயத்தைச் சொன்னபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மன்னித்துவிடு. அண்ணனிடமும் சொல்.

எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தது உன் பாட்டுதான்.

பரணை ஒழித்தபோது அண்ணன் கப்பலிலிருந்து கொண்டுவந்த டிடிகே கேசட் கிடைத்தது. அட்டையில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ‘டிஸ்கோ 79’. போட்டுக் கேட்க வீட்டில் டூ-இன்-ஒன் இல்லை. பேத்தி நிலா அட்டையில் இருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாக போனில் தேடி, பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள். முதலில் ‘ஐ வில் சர்வைவ்’. பியானோ சரிந்து இறங்கியது, குளோரியா கேய்னர் தனியாகப் பாட ஆரம்பித்தார், அப்புறம் தாளம் வந்தது. டும், டும், டும், டும். இரண்டு டும்முக்கு நடுவில் வர வேண்டிய ‘த்ஸ்’ இல்லை. உங்கள் வீட்டு வராந்தாவில் பாவாடையைச் செருகிக்கொண்டு நாம் குதித்ததே அந்த ‘த்ஸ்’ஸுக்குத்தானே? பாட்டைப் புதிதாக மாற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்று நிலாவிடம் புகார் சொன்னேன். அவள் ஹெட்போனை வாங்கி வைத்துப் பார்த்தாள். “இருக்கே பாட்டி, நல்லா கேக்குதே” என்றாள்.

யோசித்துப் பார்த்தால், ராத்திரியில் சில்வண்டு கத்தி எவ்வளவு நாளாயிற்று என்றே எனக்குத் தெரியவில்லை. நின்றுபோனதைக் கவனிக்கவே இல்லை. ஒர்க்‌ஷாப் சங்கு கேட்கிறது, மிக்ஸி கேட்கிறது. குக்கர் விசிலைத்தான் எண்ண முடியவில்லை.

சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். ‘கூ’ என்று கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கடைசியில் ஒரு கோடு போட்ட தாளைக் கொடுத்தார்கள். இடது பக்கம், அதாவது கனமான ஒலிகளில், கோடு நேராகப் போகிறது. மெல்லிய கீச்சு ஒலிகளுக்கு வந்ததும் மலைக்கோட்டைப் படிபோலச் சரிகிறது. வயதானால் முதலில் போவது அந்தப் பக்கம்தானாம். சகரம், தகரம், உன் குரல், சில்வண்டு, அந்த ‘த்ஸ்’ எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அன்றிலிருந்து நான் வேறு எதையும் படிக்கவில்லை. அந்த ‘த்ஸ்’ யாருடையது, எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஹை-ஹேட் என்று பெயர். காலால் மிதித்தால் மூடித் திறக்கும் ஜோடித் தாளம், நம் ஜால்ராவைக் கம்பியில் நிறுத்திவைத்ததுபோல. மூடியிருந்தால் ‘டிக்’, திறந்த வாயோடு அடித்தால் ‘த்ஸ்’. ஃபிலடெல்ஃபியாவில் சிக்மா சவுண்ட் என்ற ஸ்டுடியோவில் எர்ல் யங் என்று ஒரு டிரம்மர். 1973-இல் ஹரால்டு மெல்வின் அண்ட் த புளூ நோட்ஸ் குழுவின் ‘த லவ் ஐ லாஸ்ட்’ பாட்டுக்கு, காலால் நாலு அடியும் சமமாகக் கொடுத்து, இடைவெளிகளில் ஹை-ஹேட்டைத் திறந்து அடித்தார். மெதுவான சோகப் பாட்டாகத்தான் அது தொடங்கியதாம், வேகம் பிடித்ததும் ஆட்டப் பாட்டாகிவிட்டது. அந்த அடியைத்தான் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், மியூனிக் என்று எல்லா ஊரும் எடுத்துக்கொண்டது. நம் பொன்மலை வராந்தாவுக்கு வந்ததும் அதுதான். எத்தனை கோடிப் பேர் அவர் கைக்கு ஆடினோம், பெயர் தெரியாமலே!

குளோரியா கேய்னர் கதை உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! மேடையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, ஆபரேஷன் ஆகி, முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு நின்றுதான் அதைப் பாடியிருக்கிறார். எழுதியவர்களில் ஒருவரான டீனோ ஃபெக்காரிஸ், மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை போன ஆள். இருவருமே அடிபட்டவர்கள். அப்படியும் பாட்டை வெளியிட்ட கம்பெனி அதை இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டது. முன்பக்கத்தில் ‘சப்ஸ்டிடியூட்’ என்று வேறொரு பாட்டு. கிளப்புகளில் தட்டு சுழற்றுகிறவர்கள்தான் திருப்பிப் போட்டார்கள், ஜனங்கள் எழுந்து ஆடினார்கள், 1979 மார்ச்சில் அமெரிக்காவில் முதலிடம். ராபர்ட் போன பிறகு அந்த வருஷம் முழுக்க நீ அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஏன் அது அப்படிப் பிடித்தது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சரி, போனது போகட்டும் என்று இருந்ததைக் கேட்க ஆரம்பித்தேன். ஸ்டெல்லா, கனமான அடிச்சுரங்களை வாசிக்கிற பேஸ் கிதார் முழுசாக இருக்கிறது! ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. மேலே இருந்ததெல்லாம் விலகியதும் அடியில் இருப்பது தெரிகிறது, காவிரியில் தண்ணீர் வற்றினால் மணல் தெரிவதுபோல. ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ஸை நாற்பத்தைந்து வருஷமாகக் கேட்டும் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் என்ன செய்கிறார் என்று கவனித்ததே இல்லை. ஒரே சுரத்தை மூன்று முறை, அவசரமே இல்லாமல், வாசற்கதவைத் தட்டுகிறாற்போல. அப்புறம் படியேறி ஓடுகிறது விரல். மறுபடியும் அந்த மூன்று தட்டல். எட்டு நிமிஷத்துக்கு இதுதான், அலுக்கவே இல்லை. நடுவில் எல்லா வாத்தியமும் விலகி பேஸும் டிரம்மும் மட்டும் நிற்கிற இடம் ஒன்று உண்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அந்த இடத்தில் எனக்குக் கேட்பதும் நிலாவுக்குக் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் காது சரியாக இருக்கிறது.

எட்வர்ட்ஸும் கிதார்க்காரர் நைல் ராட்ஜர்ஸும் ஒருமுறை கிளப் வாசலில் நின்று திரும்பியவர்கள். 1977 டிசம்பர் 31, நியூயார்க், ஸ்டூடியோ 54 என்ற கிளப். பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்துத்தான் போனார்கள், வாசலில் விடவில்லை. கோபத்தோடு ராட்ஜர்ஸ் வீட்டுக்குத் திரும்பி, வாசற்காவலனைத் திட்டி வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்தத் திட்டை மாற்றிப் போட்டதுதான் ‘லெ ஃபிரீக்’. முதலிடத்துக்கு மூன்று தனித்தனி முறை ஏறி, ஆறு வாரம் இருந்தது. கிறிஸ்துமஸ் டான்ஸில் நம்மையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீ கொலுசைக் கழற்றி எறிந்ததோடு சரி, அவர்கள் பாட்டுப் போட்டார்கள்.

டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. எழுதித் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். அதை மெஷின் சத்தம் என்று சொல்லி எத்தனை நாள் உன்னோடு சண்டை போட்டேன்! மியூனிக்கில் ஜியார்ஜியோ மொரோடர் பெரும்பாலும் மூக் சின்தஸைசர் என்ற மின்னணு வாத்தியத்தை வைத்தே செய்தார். அதிலும் காலடி டிரம் மட்டும் கீத் ஃபோர்ஸி என்ற மனிதர் வாசித்தது. 1977-இல் இங்கிலாந்தில் நாலு வாரம் முதலிடம். ஹெட்போனில் கேட்டால் ஒரு அதிசயம்: பேஸ் துடிப்பு ஒரு காதில் விழுகிறது, அதன் எதிரொலி கண்ணிமைக்கும் நேரம் தள்ளி மறு காதில் விழுகிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த ஓட்டம். நம் டூ-இன்-ஒன்னுக்கு இருந்தது ஒரே ஸ்பீக்கர். பாதியைத்தான் கேட்டோம், பாதிக்கே நீ அப்படி ஆடினாய்!

இன்னொன்றைப் படித்துவிட்டு இரண்டு நாள் மனசு சரியில்லை. 1979 ஜூலை 12, சிகாகோவில் காமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலிக்காரர் டிஸ்கோ தட்டுகளை ஒரு பெட்டியில் அடுக்கி, வெடி வைத்துக் கொளுத்தினார். தட்டு ஒன்று கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். ஆயிரக்கணக்கில் ஜனம் மைதானத்துக்குள் இறங்கி, அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கே வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் பின்னாளில் சொன்னது: வந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினப் பாடகர்களின் பாட்டுகள். அந்த வாரம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது டோனா சம்மரின் ‘பேட் கேர்ள்ஸ்’! ஆகஸ்டில் ‘குட் டைம்ஸ்’ ஒரே ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஷீக் அங்கே முதல் நாற்பதுக்குள்கூட வரவில்லை. நாம் அந்த கேசட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அதைப் பாடியவர்களை அவர்கள் ஊரிலேயே விரட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது.

ஆனால் அந்த மூன்று தட்டலை யாராலும் கொளுத்த முடியவில்லை. அதே வருஷம் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற ராப் பாட்டு அதன் மேல்தான் ஏறி நின்றது.

எட்வர்ட்ஸ் 1996 ஏப்ரலில் டோக்கியோவில் இறந்துபோனார். புடோகான் அரங்கில் கச்சேரி. உடம்பு சரியில்லை, ரத்து செய்துவிடலாம் என்று ராட்ஜர்ஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் வாசித்து முடித்தார். ஓட்டல் அறைக்குப் போனார், அங்கேயே உயிர் போயிற்று. நிமோனியா. வயது 43. நேற்று சமைத்துக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நம் தம்பி வயதுகூட இல்லையே!

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். காது மிஷின் வாங்கச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் மாட்டிப் பார்த்தேன். நிலா பேசியது கண்ணாடித் துண்டுபோலத் தெளிவாக விழுந்தது, அழுகை வந்துவிட்டது. பாட்டு போட்டேன். ‘த்ஸ்’ திரும்பி வந்தது, ஆனால் தகர டப்பாவில் மணல் போட்டுக் குலுக்குகிறாற்போல. மிஷின் பேச்சுக்காகச் செய்ததாம், பாட்டுக்குத் தனியாக ஒரு செட்டிங் வைத்துத் தருகிறார்களாம். அடுத்த வாரம் போகிறேன். அங்கே எது சரி, எது தப்பு என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? அந்தச் சத்தம் முன்பு எப்படி இருந்தது என்று என் ஞாபகத்தை நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் நீ ஒரு வேலை செய்ய வேண்டும். அண்ணன் உட்காரும் நிலைக்கு வந்ததும் அவரோடு சேர்ந்து ‘ஐ வில் சர்வைவ்’ கேள். தாளம் ஆரம்பிக்கிற இடத்தில் அந்த ஹை-ஹேட் எப்படி இருக்கிறது என்று எழுது. நீளமா, குட்டையா, மணியா, சீறலா, மழையா, என்ன தோன்றுகிறதோ அது. அண்ணனிடமும் தனியாகக் கேட்டு எழுது, அவருக்கு வார்த்தை நன்றாக வரும். வியாழனுக்குள் கைக்கு வருகிறமாதிரி கூரியரில் அனுப்பு. போன் பண்ணாதே.

மிஷின் சரியாகிவிட்டால் நானே உன்னைக் கூப்பிடுகிறேன். முதல் போன் உனக்குத்தான்.

கேசட்டை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணன் தலைமாட்டில் வை.

அன்புடன்,
வசந்தா