இருவாச்சியின் கூட்டு மரத்தடியில் நிற்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காட்டுப் பறவைகளை மிரளவிடாமல் நெருங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மங்கலான நிறத்தில் உடுத்துவது, மெதுவாக நடப்பது, பேச்சைக் குறைப்பது எல்லாம் சரி. ஆனால் பறவை பறந்து போனால்தான் மிரண்டது என்று கட்டுரையாளர் நினைக்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பறப்பதற்கு வெகு முன்பே அது நம்மைக் கண்டுவிடுகிறது. தின்பதை நிறுத்தும், கழுத்தை நீட்டிப் பார்க்கும், உடம்பை ஒடுக்கும். அப்போதே நின்றுவிட வேண்டும். திரும்ப இரையெடுக்கத் தொடங்கவில்லையா, நாலடி பின்வாங்க வேண்டும். சில பறவைகள் பறக்கவே பறக்காது. கேரளத்துத் தட்டேக்காட்டில் பகலில் உறங்கும் தவளைவாயன், ஆள் நெருங்கினால் அலகை மேலே தூக்கி, கண்ணை இடுக்கி, முறிந்த கிளை போல அசையாமல் இருக்கும். அதற்குப் பயமே இல்லை என்று எண்ணி முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுகிறார்கள். பாவம், பயத்தில்தான் அது அப்படி இருக்கிறது.

வால்பாறைப் பக்கத்து இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவைக்கு வரும் தொல்லை இதைவிடப் பெரியது. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே பொந்தின் வாயை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். மாதக்கணக்கில் அதற்கும், பிறகு குஞ்சுக்கும், ஆண் கொண்டுவருவதுதான் உணவு. பெரும்பாலும் அத்திப்பழம், தொண்டையில் அடக்கி வந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டும். அந்த ஆண் மகா எச்சரிக்கையானது. அடியில் ஆட்கள் நின்றால் பக்கத்து மரத்திலேயே காத்திருக்கும், சமயத்தில் ஊட்டாமலே போய்விடும். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாலும் உள்ளே இருப்பவை பட்டினிதான்.

பார்க்க ஆசைப்படுபவர்கள் கூட்டைத் தேட வேண்டாம். பழுத்த அத்தியோ ஆலோ எங்கே நிற்கிறது என்று உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். விடிவதற்கு முன் போய், நன்றாகத் தள்ளி உட்காருங்கள். பச்சைப்புறா வரும், குக்குறுவான் வரும், மலை மைனா வரும். இருவாச்சி வருவதை அதன் சிறகோசையே தூரத்திலிருந்து சொல்லிவிடும். ஆணுக்குச் சிவந்த கண், பெட்டைக்கு வெளிறிய கண். பைனாகுலரில் அதுகூடத் தெரியும். நாம் ஓரடிகூட நெருங்க வேண்டியதில்லை.

அப்புறம், செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நம்பித்தான் அது பதறி வெளியே வருகிறது. இரை தேட வேண்டிய நேரம் அதில் போய்விடுகிறது.

இன்னொரு வேண்டுகோள். இருவாச்சியின் கூட்டு மரம் எந்த எஸ்டேட்டில், எந்த வளைவுக்கு அருகே என்று படத்தோடு அச்சிட்டிருக்கிறீர்கள். தை முதல் சித்திரை வரை அவை குஞ்சு பொரித்து வளர்க்கும் காலம். இணையப் பதிப்பிலிருந்தாவது அந்த வரிகளை உடனே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி