சேற்றை அள்ளும் முன் ஒரு நிமிடம்: துறைமுகப் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

இந்தியத் துறைமுகங்களின் கட்டுமானப் பொறியாளர்களுக்கும், டெண்டர் ஆவணங்களை எழுதும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கொச்சி, நவி மும்பை, விசாகப்பட்டினம் என்று நம் துறைமுகங்கள் பலவற்றுக்கு அடியில் இருப்பது மென்களிமண். கொச்சியில் பல இடங்களில் எடுத்த மாதிரிகளில் மண்ணின் எடையைவிடத் தண்ணீரின் எடை அதிகம். அதன்மேல் அலைதடுப்புச் சுவரோ கப்பல்துறையோ எழுப்ப வேண்டுமென்றால் நமக்கு முதலில் தோன்றுவது அள்ளுவதுதான். டிரெட்ஜர் சேற்றை வாரும், பார்ஜ் அதைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டும், பள்ளத்தை மணலால் நிரப்புவோம். அந்த மணலுக்காக இன்னோர் இடத்தில் கடலடியைத் தோண்டுவோம். வாரும் இடம், கொட்டும் இடம், மணல் எடுக்கும் இடம் என மூன்றிலும் நீர் கலங்குகிறது. மூன்றிலும் வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். அள்ளுவதென்று முடிவெடுக்கும் முன், சேற்றை இருந்த இடத்திலேயே சிமென்ட் கலந்து இறுக்கும் முறையையும் அதே அக்கறையோடு எடைபோடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், செலவைக் குறைக்கச் சோதனைகளில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இது பரிசோதனை நிலையில் உள்ள முறை அல்ல. ஜப்பானின் துறைமுக ஆய்வாளர்கள் 1960களில் சுண்ணாம்பைக் கொண்டு தொடங்கி, 1970களின் நடுவில் சிமென்ட் குழம்புக்கு வந்துவிட்டார்கள். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, துறைமுகக் கரையில் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஓட்டல் கட்டடத்துக்கு அடியில் சிமென்ட் கலந்த மண்சுவர்கள் கட்டம் கட்டமாக இருந்தன. சுற்றியிருந்த கரைச்சுவர்கள் ஒரு மீட்டருக்கும் மேல் கடல் பக்கம் நகர்ந்தன. கட்டடத்தின் அடித்தளம் சேதமின்றி நின்றது.

ஹாங்காங் விமான நிலையம் மூன்றாவது ஓடுதளத்துக்காக 650 ஹெக்டேர் கடலை நிலமாக்கியது. அதில் ஒரு பகுதிக்கு அடியில், முன்பு மாசுபட்ட சேற்றைப் புதைத்த குழிகள் இருந்தன. அள்ளினால் அந்த நஞ்சு நீரில் கலக்கும் ஆபத்து இருந்தது. ஆகவே முதலில் கடலடியில் மணல் விரித்தார்கள். பிறகு பார்ஜிலிருந்து நீண்ட தண்டுகளை இறக்கி, அவற்றின் நுனியில் சுழலும் கத்தி போன்ற அலகுகள் வழியே சிமென்ட் குழம்பைச் செலுத்தி, களிமண்ணோடு பிசைந்து, ஒன்றோடொன்று ஒட்டிய தூண்களாக்கினார்கள். 2022இல் அந்த ஓடுதளம் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்காக இது கடலுக்குத் தீங்கற்ற திட்டம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளை டால்பின்கள் திரிந்த நீர்ப்பரப்பு போனது போனதுதான், சிமென்ட் அதற்குப் பரிகாரம் ஆகாது. அள்ளிக் கொட்டும் கேடு மட்டும் தவிர்ந்தது.

இனி, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். ஒரு கனமீட்டர் மண்ணுக்கு ஏறக்குறைய 200 கிலோ சிமென்ட் கலந்தால், பத்து இருபது கிலோபாஸ்கல் அளவில் இருந்த வலிமை மெகாபாஸ்கல் (ஆயிரம் கிலோபாஸ்கல்) கணக்குக்கு ஏறும். ஆய்வகத்தில் கையால் கலந்து, அச்சில் வார்த்து, 28 நாள் வைத்து உடைத்தால் கிடைக்கும் எண் அது. கடலுக்கு அடியில் இருபது மீட்டர் ஆழத்தில் அதே எண் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. தூணைத் துளைத்துக் கோர், அதாவது உருளை வடிவ மாதிரி, எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியாக வந்துகொண்டிருக்கும். திடீரென ஒரு விரல்கடை நீளத்துக்கு, சரியாகக் கரைக்காத மாவில் நிற்கும் கட்டியைப்போல, சிமென்ட் படாத கருங்களிமண் அப்படியே இருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும். அலகு போதிய சுற்றுகள் சுற்றவில்லை, அல்லது தண்டை வேகமாக இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கரிமப்பொருள் மிகுந்த மண்ணாக இருந்தால், நன்றாகக் கலந்தாலும் இறுகாமல் போகலாம்.

கோர் உடைந்து வந்தால் 'எடுக்கும்போது உடைந்துவிட்டது' என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். பக்கத்திலேயே இன்னொரு துளை போடச் சொல்லுங்கள்.

சிமென்டின் அளவும் சாதாரணமானதல்ல. பத்து லட்சம் கனமீட்டர் மண்ணுக்கு இரண்டு லட்சம் டன் ஆகிறது. அதற்கான கிளிங்கரை, அதாவது சிமென்டாக அரைக்கப்படும் கட்டிகளை, சூளையில் சுடுவதன் கரியமில வாயுக் கணக்கையும் அள்ளும் முறையோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நம்மிடம் இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்ட் இருக்கிறது. ஜப்பான் கடல் பணிகளில் பெரும்பாலும் அந்த வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆரம்பத்தில் மெதுவாக இறுகினாலும், காலம் போகப்போக வலிமை கூடிக்கொண்டே வரும். அதனால் 28 நாளோடு நிறுத்தாமல் 90 நாள் வலிமையையும் கணக்கில் எடுங்கள்.

சிமென்ட் கலந்த மண்ணிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவக் குரோமியம் கசியக்கூடும் என்பதால், ஜப்பானின் கட்டுமான அமைச்சகம் 2000ஆம் ஆண்டிலேயே கசிவுச் சோதனையை வலியுறுத்தியது. நம் டெண்டர்களிலும் அது இடம்பெற வேண்டும். பணி நடக்கும் நாட்களில் நீரின் காரத்தன்மையையும் கலங்கலையும் அளக்க வேண்டும்.

அடுத்த டெண்டரில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: கோர் சோதனைக்கான தொகை ஒப்பந்ததாரரின் கைக்குப் போகாமல் தனியாக ஒதுக்கப்படும், கோர், நீர் அளவீட்டு முடிவுகள் மாதந்தோறும் அந்தக் கரையின் மீனவர் பஞ்சாயத்துகளுக்கு அவர்கள் மொழியிலேயே தரப்படும்.

இப்படிக்கு,
மண் ஆய்வுப் பணியிலிருக்கும் ஒரு பொறியாளர்