சூரியன் திரும்பிய கிழமை

ஹம்மர்ஃபெஸ்ட், நோர்வே,
25 ஜனவரி 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தாருக்கு முன்பே கிடைத்த உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நாளும் பதில் எழுதாதிருந்ததை மன்னியுங்கள். வேலை கூட என்று சொல்லித் தப்பலாம். உண்மையில், "கடவுள் எங்களை மறந்துவிட்டார் போலிருக்கிறது" என்று நீங்கள் எழுதிய வரிக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் இந்தக் கிழமைதான் மலை விளிம்பில் தலைகாட்டியது. இரண்டு மாதமும் நண்பகலிலேயே விளக்கு வேண்டியிருந்தது. குளிருக்குப் போதிய உடுப்பு இருக்கிறது, அம்மா கவலைப்பட வேண்டாம். இங்கத்தைய கொட் மீனை உங்கள் தூள் போட்டுக் குழம்பு வைத்தால் சதை கரைந்துபோகிறது. நம்முடைய பாரை போல நிற்காது.

மேல்வீட்டு அம்மா ஒரு விசித்திரமான மனுஷி. கதவடியில் எப்போதும் ஒரு பெட்டியைக் கட்டியே வைத்திருக்கிறார். 1944இல், அவருடைய ஏழாவது வயதில், பின்வாங்கிய ஜெர்மன் படை சனங்களை வெளியேற்றிவிட்டு ஊரையே எரித்தது. மிஞ்சியது சவக்காலைச் சிற்றாலயம் ஒன்றுதான். காணி உறுதிகளைச் சுற்றி நீங்கள் வைத்திருக்கும் துணிப்பை எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் ஞாயிறுதோறும் பூசை காணும் புனித மிக்கேல் கோயிலை 1958இல் கட்டியெழுப்ப உதவியவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த தொண்டர்களாம். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்களை மன்னித்தீர்களா என்று மேல்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "அது தெரியாது. வந்து வேலை செய்தார்கள், நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்" என்றார்.

1995 ஜூலை 9ஆம் திகதி, தஞ்சமென்று போன நவாலிக் கோயிலில் குண்டு விழுந்து நம் மூத்தவன் போனதற்கு இதை ஈடாகச் சொல்லவில்லை, அக்கா. நமக்குக் கோப்பி கேட்டு இதுவரை எவரும் வரவில்லை. ஆனால் அவனை அடக்கும்போது வாசித்த, ஆழத்திலிருந்து கூப்பிடும் அந்தச் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் காவற்காரர் வருகிறார்களே, அவர்களை இந்த இருட்டில்தான் விளங்கிக்கொண்டேன். விடியும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. அதற்காக இரவு குறுகிவிடுவதுமில்லை. இங்கே சூரியன் வரும் நாள் நாட்காட்டியில் இருக்கிறது, நமக்கு அதுவும் இல்லை. ஆனாலும் நீங்கள் அழுதபடியே கோயிலுக்குப் போகிறீர்கள் என்று அம்மா எழுதியிருந்தார். மறந்துபோன ஒருவரிடம் யாரும் அப்படிப் போய் முறையிடுவார்களா?

பூசையில் எல்லோரும் நோர்வே மொழியில் செபிக்கும்போது நான் மெல்லத் தமிழில் சொல்வேன். "எங்கள் அன்றாட உணவை" என்ற இடத்தில் ஐயாவின் குரல் கேட்கும். அதற்குமேல் வாய் வராது.

அது கிடக்கட்டும். அம்மாவின் கண் சத்திரசிகிச்சையைப் பின்போட வேண்டாம். வள்ளத்துக்கான காசை இரண்டு தவணையாக அனுப்புகிறேன். குளிர்காலத்தில் வேலை நேரம் எல்லோருக்கும் குறைவுதான். தங்கச்சியின் சம்பந்தத்தில் அவளுடைய விருப்பத்தைக் கேட்ட பின்னரே வாக்குக் கொடுங்கள். ஜூலையில் மூத்தவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உறுதிகளின் பிரதி ஒன்றைப் பங்குத் தந்தையிடம் கொடுத்து வையுங்கள். பை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி