மழை நாளில் கூட்டெருத் தொட்டி

ஆசிரியருக்கு,

ஒக்டோபர் மழை தொடங்கியதும் கொழும்பில் பல வீடுகளின் பின்வளவில் சமையலறைக் கழிவை உக்கவைக்கும் கூட்டெருத் தொட்டி கைவிடப்படுகிறது. புழு, இலையான், எலி என்று பழி தொட்டிமேல் விழுகிறது. உண்மையில் குறைவது காய்ந்த பொருள்தான். ஈரக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் உள்ளே காற்றோட்டம் இல்லாமல் புளித்து நாறும். மற்றவையெல்லாம் அந்த நாற்றத்துக்குத்தான் வருகின்றன.

ஒரு கோப்பை சமையலறைக் கழிவுக்கு இரண்டு கோப்பை சருகு அல்லது தும்புத்தூள் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போட்டால் பயனில்லை, கொட்டும் ஒவ்வொரு தடவையும் போட வேண்டும். கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி இரண்டு அங்குலம் மூடிவிட்டால் பழ ஈ பெருகாது. அதன் முட்டை வாழைப்பழத் தோலோடேயே வந்துவிடுகிறது. திறந்து கிடந்தால் ஒன்றரை வாரத்துக்குள் மூடியைத் தூக்கும்போது முகத்தில் மொய்க்கும். கட்டியாக விற்கும் தும்புத்தூளை நனைத்து உதிர்த்த கையோடு போடுவது பலர் விடும் தவறு. ஏற்கெனவே தண்ணீர் குடித்த தூள் வேறு ஈரத்தை உறிஞ்சாது. வெயில் கிடைக்கும் நாளில் காயவைத்து, மூடியுள்ள வாளியில் சேர்த்து வையுங்கள். தச்சுப் பட்டறை மரத்தூளும் நல்லது, ஆனால் ஒட்டுப்பலகைத் தூள் கூடாது. அதில் பசை இருக்கும்.

நம் சமையலறைகளுக்கே உரிய சிக்கல் தேங்காய்ப்பூச் சக்கை. பால் பிழிந்த பிறகும் அதில் எண்ணெய் இருக்கும். ஒரே குவியலாக விழுந்தால் மறுநாளே புளித்துக் கட்டிபடும், எலிக்கும் அது விருந்து. மெல்லப் பரப்பித் தூவி, உடனே மூட வேண்டும். மீன் செதில், இறால் கோது, சோறு, கறி எதுவும் இந்தத் தொட்டிக்கு வேண்டாம். பலாப்பழத் தோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள்.

நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு போட்டுக் கிளறுங்கள். எறும்பு குடியேறியிருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், சிறிது தண்ணீர் தெளியுங்கள். சாம்பல் நிறத்தில் தட்டையான, தடித்த புழுக்கள் கறுப்புப் படைவீர ஈயின் புழுக்கள். அவை கழிவைத்தான் தின்கின்றன, அந்த ஈயும் நம் சாப்பாட்டில் மொய்ப்பதில்லை. அவற்றைக் கண்டு பூச்சிமருந்து அடித்தால் உக்கச் செய்யும் உயிர்களும் சேர்ந்து சாகும்.

எலிக்கு மருந்து வைப்பதைவிட வழியை அடைப்பதே மேல். தொட்டியின் அடியில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை விரித்து, விளிம்பை வெளிப்பக்கமாக ஆறு அங்குலம் மடித்து இறுக்குங்கள். பிளாஸ்டிக் வலையை ஒரே இரவில் கடித்துவிடும். எலி சுவரோரமாகவே ஓடும் பிராணி, ஆகவே மதிலிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். காற்றுத் துளைகளுக்கு உள்ளிருந்து நுளம்பு வலை ஒட்டலாம்.

மூடியின் குழிவில் தேங்கும் மழைநீரை யாரும் கவனிப்பதில்லை. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். மூடிக்கு மேலே ஒரு தகரத் துண்டைச் சரிவாக வைத்தாலே நீர் வழிந்துவிடும். கசிவு நீருக்குத் தட்டு வைத்திருப்பவர்கள் அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவ வேண்டும். கரப்பான் ஒளிவது மூடி விளிம்பின் உட்புறத்தில். வாரம் ஒருமுறை சவர்க்கார நீரில் தேய்த்தால் போதும், தொட்டிக்குள் கிருமிநாசினி ஊற்றாதீர்கள்.

மாநகர சபைக்கும் ஒரு வேண்டுகோள். கறுவாத்தோட்டப் பக்க வீதிகளில் கூட்டும் மாரா மரச் சருகு குப்பை லொறியில்தான் ஏறுகிறது. அதைச் சாக்கில் கட்டி ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓரிடத்தில் வைத்தால், மரமே இல்லாத வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மழைக்கு முன்பே தொடங்கினால் சருகும் காய்ந்திருக்கும்.

வாசகர்,
கொழும்பு 6